தங்கபுஷ்பம் வீட்டு மல்லி

ஒருவன் விதையை மண்ணில் ஊன்றிவிட்டுக் காத்திருக்கத் துணிந்த நாளில்தான் மனித நாகரிகமே பிறந்தது. முப்பத்தொரு வருடம் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை அதிகாரத்தோடு சொல்வேன். என் மொட்டைமாடியில் நான் பத்தொன்பது நாள் காத்திருந்தேன். கொத்தமல்லி முளைக்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பத்துக்கு முளைத்தது. ரவிக்கை தைக்கிறவள், எட்டாவதோடு படிப்பை விட்டவள். நான் மண்ணைச் சோதித்து, தென்னைநார்க் கழிவு கலந்து, தொட்டிக்குத் தேதிச் சீட்டும் ஒட்டி விதைத்தேன். அவள் விதையைத் தரையில் கொட்டி, பழைய ரப்பர் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்து, பெயின்ட் வாளியில் தூவினாள்.

"முழுசாப் போட்டா எப்படி அண்ணாச்சி முளைக்கும்? ஒடச்சுல்லா போடணும்" என்று மதில் மேலாக எனக்கே பாடம் எடுத்தாள். நான் எழுதிய கையேட்டில் செருப்பு என்ற சொல்லே வராது என்று விளக்கினேன்.

இதற்காகத்தான் அதைச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு சின்ன மனசு எனக்கு இல்லை.

என் மனைவி ரெங்கம்மாளுக்குக் கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு மணமே தெரியாமல் போயிருந்தது. எதைத் தின்றாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று பாதித் தட்டில் எழுந்துவிடுவாள். வளையல் முழங்கை வரை ஏறியது. பார்க்காத வைத்தியம் இல்லை. குற்றாலத்துச் சாரல் எங்கள் தென்காசித் தெரு வரை வந்த ஒரு ஆனி மாதக் காலையில், தங்கபுஷ்பம் ஒரு கிண்ணம் மல்லித் துவையலை மதில் மேலாக நீட்டினாள். வாங்கிய ரெங்கம்மாள் அதை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நின்றாள்.

"இங்கேருங்க, மல்லி மணக்கு."

அழுதாள். மூன்று தோசை சாப்பிட்டாள். அதன்பிறகு தினமும் அந்தத் துவையல், தினமும் மதிலோரம் இருவருக்கும் சிரிப்பு. நானும் பாவூர்சத்திரம் சந்தைக்கு பஸ்ஸில் போய்க் கட்டு மல்லி வாங்கி, என் தொட்டியில் பறித்ததாகச் சொல்லி, என் கையாலேயே அரைத்து வைத்தேன். மோந்து பார்த்தாள்.

"இது புல்லு மாதிரில்லா இருக்கு. தங்கபுஷ்பத்துக்குக் கைராசிங்க."

முப்பத்தெட்டு வருடத்தில் என் கையைப் பற்றி அவள் நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆடியில், மகள் ஷெர்லினின் பிரசவத்துக்குத் தங்கபுஷ்பம் நாகர்கோவில் புறப்பட்டாள். மாடிச் சாவியை என்னிடம் தந்தாள். "ஆபீசர் கையில ஒப்படைச்சிட்டேன். இனி எனக்கென்ன கவல?"

ஐந்து நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். குடத்துக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு. ஒரேயடியாகப் போட்டால் செடி சட்டென்று சாய்ந்து சந்தேகம் வரும். பிரித்துப் போட்டால் நுனியிலிருந்து கருகி, நோய்போலத் தெரியும். இதெல்லாம் அனுபவத்தில் வருவது.

திரும்பி வந்தவள் வாளிகளைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேர் அழுகல் என்று தாளில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தேன். மண்ணைக் கொட்டச் சொன்னேன். அடுத்த விதைப்புக்கு அவள் எடுத்துவைத்திருந்த விதையிலும் நோய் இருக்கும் என்று டப்பாவோடு வாங்கிக்கொண்டேன்.

"நீங்க இல்லாட்டா எனக்கு இது தெரிஞ்சிருக்குமா அண்ணாச்சி" என்றாள்.

அந்த விதையை வறுத்துச் சாம்பார்ப்பொடிக்குத் திரித்தேன். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

ரெங்கம்மாள் பழையபடி பாதித் தட்டில் எழுந்தாள். ஆவணிக் கடைசியில் நாற்பத்தொரு கிலோ. வீட்டில் ஏதும் மாறியதா என்று டாக்டர் கேட்டார். வயசாகுதில்லையா என்றேன். நான் பதறவில்லை. தினமும் துவையல் அரைத்து அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். போட்டி இல்லாத இடத்தில் தரம் தானாகத் தெரியவரும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

தெரியவந்தது. போன செவ்வாய்க்கிழமை கிண்ணத்தைக் கையில் எடுத்தவள் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மணக்குங்க" என்றாள். "ஒங்க மல்லி நல்லா மணக்கு."

ஒரு தோசை முழுசாகச் சாப்பிட்டாள். நான் செய்தது வீண்போகவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அன்று மழையில் சந்தைக்கு மல்லி வரவில்லை. நான் அரைத்தது முருங்கைக்கீரை.