கொஞ்சம் தூரந்தான்

சப்பாத்து வாங்குவதென்றால் பின்னேரம் போக வேண்டும். காலையில் கால் ஒடுங்கியிருக்கும். நாள் முழுக்க நின்று நடந்து பின்னேரம் ஆகும்போது கொஞ்சம் வீங்கிவிடும். மலை ஏறப்போவது அந்தப் பின்னேரக் கால்தான். என் மச்சான் வாசுதேவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

வேட்டைச் சாமான் கடையில் விலை ஒட்டியிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு அவன் என் காதுக்குள் சொன்னான். “மச்சான், இஞ்சை விலை பேசேலாது. ஒட்டியிருக்கிறதுதான் விலை.”

“ஒட்டினதைக் கழட்டவும் ஏலும்.”

நான் அந்தச் சப்பாத்தைத் தொடவில்லை. பக்கத்துச் சோடியை எடுத்து, தையலைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினேன். வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மறுபடியும் போனபோது கடைக்காரர் தானே கூப்பிட்டார். விலையையும் இறக்கி, தடித்த கம்பளிக் காலுறையும் சேர்த்துத் தந்தார். வெளியே வந்து வாசுதேவன் சிரித்தான்.

“உங்களோடை கடைக்கு வந்தா எனக்கு வேர்க்குது.”

“வேர்க்கட்டும். சப்பாத்து எப்பிடி?”

“திறம் சாமான்.”

அந்தப் பயணத்தை நான் எவ்வளவு அக்கறையாக ஒழுங்குசெய்தேன் என்பது உங்களுக்கு விளங்க வேண்டும் என்றுதான் சப்பாத்தில் இருந்து தொடங்குகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டீர்கள். நான் தமிழில் எழுதித் தருகிறேன். ஆங்கிலத்தில் எனக்கு வியாபாரம் பேச வரும். நடந்ததைச் சொல்லிப் பழக்கமில்லை.

என் பெயர் அரியரத்தினம். சிட்னியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குக் கிட்ட புடவைக்கடை வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணம் பெரியகடையில் அப்பாவுக்கும் புடவைக்கடைதான். வேண்டிய பொருளை ஒருபோதும் தொடாதே, பக்கத்தில் இருப்பதைத் தொட்டு விலை கேள் என்பார். பள்ளிக்கூடத்தில் படித்தது ஒன்றும் நினைவில்லை. இது மறக்கவில்லை.

ரஞ்சினி என் ஒரே தங்கை. அவளை இங்கே கூப்பிட்டவனும் நான், மாப்பிள்ளை பார்த்தவனும் நான். வந்த சம்பந்தங்களில் டாக்குத்தர் ஒருவர், கணக்காளர் ஒருவர். இரண்டு பேரும் பேசிக்கொண்டே கதிரையில் முன்னுக்கு வந்து இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு இடத்தில் நில்லார்கள். வாசுதேவனைப் பார்க்க மெல்பேர்னில் நோபல் பார்க்குக்குப் போனேன். கதைத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு போன் வந்தது. “இருங்கோ தம்பி, வாறன்” என்று வெளியே போனவன் ஒரு சரக்குத் தகராறில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினேன். அவன் அதே கதிரையில், அதே மாதிரி இருந்தான். தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. நான் வராமல் குடிக்கக் கூடாது என்று நினைத்தானாம். அந்த இடத்திலேயே சம்பந்தத்தை முடித்தேன்.

கலியாணம் கட்டிச் சிட்னிக்கு வந்தான். எனக்கு அடுத்த தெருவில் வீடு எடுத்துக் கொடுத்தேன். நல்ல பெடியன். கோபம் வராது, குடி கிடையாது. ரஞ்சினியை ஒரு சொல் சொன்னதில்லை. அவனில் குற்றம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கலியாணம் கட்டவில்லை. மத்தியானம் ரஞ்சினி கடைக்குச் சோறு கொண்டு வருவாள். புடவை மடிக்கிற மேசையில் ஒரு மூலையை ஒதுக்கிச் சாப்பிடுவேன். அவள் எதிரில் இருந்து யாருடைய பிள்ளைக்கு என்ன சோதனை மறுமொழி, யார் வீட்டில் யாருடன் கதை இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். “மெல்லச் சாப்பிடுங்கோ அண்ணா, ஆரும் பறிக்க மாட்டினம்” என்பாள். ஒரு நாளில் எனக்கு இருந்தது அந்த நேரம்தான். மற்றதெல்லாம் வியாபாரம்.

போன பொங்கலன்று அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரஞ்சினி புருஷனைப் பார்த்தாள். வாசுதேவன் தொண்டையைச் செருமினான்.

“மச்சான், எனக்கு மெல்பேர்னிலை வேலை சரிவந்திட்டுது. டார்னெய்ட்டிலை புதுவீடு ஒண்டும் பாத்திருக்கிறம். வருச முடிவிலை போவம் எண்டு.”

“நீங்களும் கடையைக் குடுத்துட்டு வாங்கோவன் அண்ணா,” என்றாள் ரஞ்சினி. “உங்களுக்கு ஒரு அறை இருக்கு.”

எனக்கு வேண்டிய பொருள் எதிரில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. புதுவீட்டின் கூரை ஓடா, தகரமா என்று கேட்டேன். ஓடு என்றார்கள். நல்லது என்றேன். இன்னும் கொஞ்சம் பொங்கல் போட்டுச் சாப்பிட்டேன்.

வேட்டை ஆசை அவனுடையது, என்னுடையது அல்ல. வாசுதேவன் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் பிறந்தவன். சின்ன வயதில் மரைமான் இறைச்சி வத்தல் தின்ற நாக்கு. விக்டோரியா மலைக்காட்டில் மரை திரிகிறது என்று யூடியூபில் பார்த்த நாளில் இருந்து வேறு கதை இல்லை.

“எங்கட மரைதான் மச்சான். வெள்ளைக்காரன் அந்தக் காலத்திலை சிலோனிலை இருந்தும் கொண்டுவந்து விட்டவனாம். இப்ப பெருகிப்போய்க் கிடக்கு.”

“அப்ப அதுகளும் எங்களைப் போலைதான். வந்திட்டுது, திரும்பிப் போகேல்லை.”

துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்து ரைபிளும் வாங்கிவிட்டான். ஆனால் இன்னொரு மாநிலத்துக்குப் போய் வேட்டையாடுவதென்றால் அங்கத்தைய அனுமதி வேண்டும், எந்தக் காடு திறந்தது, எது மூடியது என்று பார்க்க வேண்டும், வாகனம் வேண்டும், சுட்டால் இறைச்சியைக் கெடாமல் சிட்னிவரைக்கும் கொண்டுவர ஐஸ்பெட்டி வேண்டும். இத்தனையையும் பார்த்து அவன் மலைத்துப்போய் நின்றான். பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் நான் சொன்னேன். “ஒழுங்கெல்லாம் என்ரை பொறுப்பு. நீர் சுடும். நான் வாகனம் ஓடிச் சமைக்கிறன். மெல்பேர்ன் போக முதல் ஒருக்கா ரெண்டுபேருமாப் போவம்.”

அவன் கண் கலங்கிவிட்டது. நான் வீட்டு விஷயத்தில் மனத்தாங்கலாக இருக்கிறேன் என்று பயந்திருந்தானாம்.

குளிர்காலம் தொடங்கியதும் அந்த மலைப்பாதைகளைக் கேற் போட்டு மூடிவிடுவார்கள், வசந்தத்தில்தான் திறப்பார்கள். மூடுவதற்கு முந்திய கடைசிச் சனி ஞாயிறை நான் தெரிந்தெடுத்தேன். ஆள் நடமாட்டம் குறைந்திருக்கும், மரை அச்சமில்லாமல் வெயில் காய வெளியே வரும் என்று அவனுக்குக் காரணம் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

கழகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் எங்களை இருத்தி வைத்து மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, பீக்கன் கொண்டு போங்கள். கைக்குள் அடங்குகிற கருவி. பொத்தானை அழுத்தினால் செய்மதி வழியாக மீட்புப் படைக்கு இடம் தெரிந்துவிடும். இரண்டாவது, போகிற இடத்தை எழுதி வீட்டில் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். மூன்றாவது, வழி தவறினால் அலையாதீர்கள், நின்ற இடத்தில் நில்லுங்கள். வாசுதேவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். மூன்றையும் கவனமாகக் கேட்டவன் நான்.

பீக்கனை வாடகைக்கு எடுத்தேன். அவன் பையில் வைத்துவிட்டேன் என்று சொன்னேன். அது கடையில், பட்டுப்புடவை அலுமாரிக்குள் இருந்தது.

இடத்தை எழுதி ஒட்ட அவன் ரஞ்சினியிடம் தாள் கேட்டான். நான் மெல்லத் தடுத்தேன். “வேட்டைக்குப் போகேக்கை இடத்தைச் சொல்லிப்போட்டுப் போனா வாய்க்காது, தெரியாதே?”

“சும்மா இருங்கோ மச்சான்,” என்று சிரித்தான். ஆனால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ரஞ்சினி கேட்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். இது உங்களுக்கு விளங்காது. பயணம் புறப்படுகிறவரை வாசலில் வைத்து ‘எங்கே’ என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் “தூரவோ?” என்று மட்டும் கேட்போம். கிட்ட என்றோ தூரம் என்றோ பதில் வரும். அதோடு கதை முடிந்தது. இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவோ விட்டோம். இதை விடவில்லை. வேலைக்குப் போகிறவனையும் அப்படித்தான் கேட்கிறோம்.

அன்று வாசலில் அவள் இரண்டு பேருக்கும் திருநீறு பூசினாள்.

“தூரவோ அண்ணா?”

“கொஞ்சம் தூரந்தான்.”

“கவனமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இவர் பராக்குப் பாத்துக்கொண்டு நிண்டிடுவார்.”

“போட்டு வாறன் ரஞ்சி,” என்றான் வாசுதேவன். புதுச் சப்பாத்து படியில் சத்தமிட்டது.

ஒரு பள்ளத்தாக்கில், ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தோம். மறுநாள் விடிய அவனை ஏற்றிக்கொண்டு மலைக்கு அப்பால், அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனேன். பகல் முழுவதும் மலைச்சரிவில் வேட்டையாடிவிட்டு, பொழுதுபடக் கீழே இரண்டு காட்டுப்பாதை சந்திக்கிற இடத்துக்கு வர வேண்டும், நான் அங்கே ஏற்றுவேன் என்பது ஒழுங்கு. இறங்கும்போது அவனுக்குச் சொன்னேன்.

“சந்தியிலை பெயர்ப்பலகை ஒண்டு இருக்கு. அதடியிலை நில்லும். ரயர் கியர் பிரச்சினையெண்டா நான் பிந்துவன். பிந்தினாலும் அசையக் கூடாது. நீர் நடக்க வெளிக்கிட்டா நான் உம்மை எங்கை தேடுறது?”

“ஓம் மச்சான். நீங்கள் வருமட்டும் நிப்பன்.”

வெளிக்கிடும்போது ஜன்னலுக்குள் குனிந்து, “மச்சான், சுட்டா முதல் பங்கு உங்களுக்கு” என்றான். படுக்கிற பையும் சாப்பாடும் வாகனத்தில் இருந்தன. அவனிடம் ரைபிளும், தண்ணீர்ப் போத்தலும், ரஞ்சினி கட்டித் தந்த ரொட்டியும் இருந்தன.

பின்னேரம் மழை தொடங்கி, பிறகு பனியாக மாறியது. பொழுதுபட்ட பிறகு நான் மலைமுகட்டுவரைக்கும் வந்து, சந்திக்கு இறங்காமல் வாகனத்தை நிறுத்தி ஜன்னலை இறக்கினேன். தூரத்தில் இடைவெளி விட்டு மூன்று வெடி கேட்டது. உதவி வேண்டும் என்றால் அப்படிச் சுட வேண்டும் என்று கழகத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காட்டில் போன் எடுக்காது, வெடியைக் கேட்க என்னைத் தவிர ஒருவரும் இல்லை. குளிர் உள்ளே வந்தது. ஜன்னலை ஏற்றினேன்.

மறுநாள் மத்தியானம் பட்டினத்துப் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஆளைக் காணவில்லை என்று உங்களிடம் சொன்னேன். எந்தப் பள்ளத்தாக்கு என்று கேட்டீர்கள். வரைபடத்தில் கூடாரம் இருந்த பள்ளத்தாக்கைத் தொட்டுக் காட்டினேன். காலையில் அங்கிருந்தே நடந்து போனான் என்றேன். ஹெலிகொப்டர் வந்தது, நாய்கள் வந்தன, சனம் வரிசையாக நடந்து தேடியது. அவர்களுக்கு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பிறகு பனி மூடியது, கேற் மூடியது.

ரஞ்சினியையும் விசாரித்தீர்கள். எங்கே போவதாகச் சொன்னார்கள் என்று கேட்டதற்குக் கொஞ்சம் தூரம் என்று சொன்னார்கள் என்றாள். எங்கே என்று ஏன் கேட்கவில்லை என்றபோது, “கேக்கக் கூடாது” என்றாள். மொழிபெயர்ப்பாளருக்கு விளங்கியது. உங்களுக்கு விளங்கவில்லை. அவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தீர்கள். அவளைச் சந்தேகப்பட்டதில்தான் எனக்கு உங்களோடு மனவருத்தம்.

என் எண்ணம் அவனைக் கொல்வது அல்ல. ஒரு இரவு குளிரில் பயந்தால் மெல்பேர்ன் பக்கம் பிறகு தலைவைத்தும் படுக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் விடிய நான் போய் ஏற்றியிருக்கலாம். அப்போது அவனுக்கு உயிர் இருந்திருக்கும் என்று உடலைப் பரிசோதித்த டாக்குத்தர் இப்போது சொல்கிறார். போகவில்லை. மூடப்போகிற கேற்றை மாசி மாதத்திலேயே கணக்கில் எடுத்தவன், போயிருக்க மாட்டான். அதையும் நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஐப்பசியில் பாதை திறந்ததும் வேறொரு வேட்டைக்காரர் கண்டார். பெயர்ப்பலகைக்குக் கீழே, முதுகைக் கம்பத்தில் சாய்த்து இருந்தானாம். செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்றி, வருகிற வாகனத்துக்குத் தெரியும்படி பலகையில் உயரக் கட்டியிருந்தானாம். அந்தக் குளிரில். தொலைந்தவன் அலைவான், இவர் ஒருவரைக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். அப்போதும் நான் பேரம் பேசியிருக்கலாம். மலை தாண்டி வழிதவறி வந்திருப்பான் என்று சாதித்திருக்கலாம். உங்களிடம் நான் தோற்கவில்லை.

ரஞ்சினி தாலியைக் கழற்றாமல் இருந்தவள். செத்தவீடு முடிந்த பிறகுதான் கழற்றினாள். போன கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். சாமான் எல்லாம் பெட்டியில் கட்டியிருந்தது. டார்னெய்ட் வீட்டை அவள் விடவில்லை. வாசலில் வாடகைக் கார் நின்றது. பழக்கதோஷத்தில் வாயில் வந்தது.

“தூரவோ?”

அவள் கார் கதவில் கைவைத்தபடி திரும்பினாள்.

“எங்கை எண்டு கேளுங்கோ அண்ணா. பிழையில்லை. நானும் உங்களை ஒண்டு கேக்கோணும். எங்கை விட்டனீங்கள் அவரை?”

இத்தனை மாதத்தில் என்னிடம் அப்படி ஒருவரும் கேட்கவில்லை. எங்கே கடைசியாகக் கண்டீர்கள் என்றுதான் நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. போட்டு வாறன் என்று சொல்லாமல் ஏறிப் போனாள். மறுநாள் மத்தியானம் மேசையில் அந்த மூலையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் இருந்தேன். பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்தேன்.

அவனை அங்கே இருத்தியவன் நான். வரமாட்டேன் என்று தெரிந்தே இருத்தினேன். இதற்குக் கீழே கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஒன்று. அவன் உடுப்பைப் பிரித்துப் பார்த்த உங்கள் ஆள் சொன்னாராம், இத்தனை மழையிலும் பனியிலும் சப்பாத்துக்குள்ளே ஈரம் இறங்கவில்லை, கம்பளிக் காலுறை காய்ந்தே இருந்தது என்று. அதை ரஞ்சினிக்கு யாராவது சொல்ல வேண்டும். மச்சானுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.