புள்ளிக்குப் பிறகு ஓர் எண்

எங்கள் காக்ஸ் டவுனில் பல வீடுகளுக்குப் பழைய எண், புது எண் என்று இரண்டு உண்டு. எது என்று சொல்லாவிட்டால் கூரியர்காரர் யார் வீட்டு மணியையோ அடிப்பார். மரபணுப் பரிசோதனைக்கூடத்தில் என் வேலையும் அப்படித்தான், சார். மரபணுவின் எழுத்து வரிசைக்கு ஓர் அடையாள எண் இருக்கும். அதன் கடைசியில் ஒரு புள்ளி, அப்புறம் பதிப்பு எண். வரிசையைத் திருத்தினால் பதிப்பு எண் கூடும். உள்ளே இடங்களின் எண்களும் நகர்ந்துவிடலாம்.

குளோரியா எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவில் இருந்தாள். அவள் அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். மரபணுவில் கோளாறு எந்த இடத்தில் என்று அம்மாவின் பழைய அறிக்கையில் இருந்தது, மூன்றாம் பதிப்பின்படி. நான் குளோரியாவுக்கு அதே இட எண்ணை நான்காம் பதிப்பில் தேடினேன். அங்கே ஒன்றுமில்லை. கோளாறு இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

"அப்போ வருஷா வருஷம் ஸ்கேன் வேணாம்ல, தியோடர் அண்ணா?"

"வேணாம்மா. நிம்மதியா இரு."

சில மாதங்கள் கழித்து, வேறொரு குடும்பத்துக்குத் தேடும்போதுதான், நான்காம் பதிப்பில் அந்த எண் வேறோர் இடத்தைக் காட்டுகிறது என்று புரிந்தது. சொல்லத்தான் நினைத்தேன். வேலை போய்விடும், சர்ச்சில் தலைகாட்ட முடியாது என்று பயமாக இருந்தது. எந்தப் பதிப்பில் தேடினேன் என்று தெரியாதபடி, கணினியில் இருந்த அவளுடைய அறிக்கையில் புள்ளியையும் எண்ணையும் அழித்தேன். ஒன்றில் மட்டும் இல்லாவிட்டால் கண்ணை உறுத்தும் அல்லவா? அதனால் எல்லோருடைய அறிக்கையிலிருந்தும் எடுத்துவிட்டேன். அதனால் யாருக்கு என்ன ஆனது என்று தேடிப் பார்க்கவில்லை. தேடினால் தெரிந்துவிடும்.

ஞாயிறுதோறும் அவள் எனக்கு முன்வரிசையில் நின்று பாடுவாள். ஒரு வாரம் வராவிட்டால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் வராமலே போனாள். ஈஸ்டருக்கு முன்பு அடக்கம் செய்தோம். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து அவள் தங்கை ஆஞ்சலா பரிசோதனைக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அக்காவுக்கு இல்லேன்னுதானே சொன்னீங்க? அப்புறம் எப்படிண்ணா வந்துச்சு?"

"சில பேருக்குச் சும்மாவும் வரும்மா."

இந்த முறை மூன்றாம் பதிப்பில், சரியான இடத்தில் தேடினேன். கோளாறு இருந்தது. அதை எழுதினால் அக்காவின் அறிக்கையையும் தோண்டுவார்கள். இல்லை என்று எழுதினேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எவ்வளவு பயந்து போயிருந்தாள், பாவம். இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம். அவளிடம் போய் எதையாவது சொல்லிப் பயமுறுத்தாதீர்கள், சார். பயப்பட நான் ஒருவன் போதாதா?