சபை எழுந்து நின்றது

மஞ்சு: வாயத் தொறண்ணா, இட்லி ஆறிப்போவுது. அண்ணி கீழ வார்டுல ரெண்டு துன்னுட்டு, "உங்க அண்ணனுக்கு காரச் சட்னி குடுக்காதே"ன்னு சொல்லி அனுப்பிச்சி.

கமலக்கண்ணன்: அடிபட்டு படுத்துக்கினும் பிரமிளாவுக்கு அதிகாரம்தானா?

மஞ்சு: பின்ன? உன்ன கட்டி மேய்க்க வேற யாரு கீறாங்க...

கமலக்கண்ணன்: டி.வி. சத்தத்த ஏத்து. அசெம்பிளிதானே ஓடுது?

மஞ்சு: அது எதுக்கு இப்ப... சீரியல் வெக்கட்டா?

கமலக்கண்ணன்: ஏத்துடி. சந்தையில குண்டு வெச்சானுங்களே, அதுக்கு இன்னிக்கி தீர்மானம்னு பக்கத்து பெட்டு பெரியவரு சொன்னாரு.

மஞ்சு: கண்ணுக் கட்டு அவுக்கற வரைக்கும் மனச அலட்டிக்கக் கூடாதுன்னு டாக்டரு...

கமலக்கண்ணன்: கண்ணுக்குத்தானே கட்டு? காதுக்கு இல்லியே.

மஞ்சு: ...ஏத்திட்டேன். போதுமா?

கமலக்கண்ணன்: இன்னா, ஒரு கூச்சலும் காணோம்? நேத்து காயிதத்த கிழிச்சி வீசிக்கினாங்களே ரெண்டு கட்சிக்காரங்களும்!

மஞ்சு: இன்னிக்கி மூச்சு காட்டலண்ணா. ஸ்பீக்கரு சந்தாப தீர்மானம் படிக்கிறாரு. செத்துப்போனவங்களுக்கு சபையோட அஞ்சலியாம்.

கமலக்கண்ணன்: பேரு பேரா சொல்றாரு பாரு... அய்யோ, பூக்காரம்மா பேரு! முறுக்கு விக்கிறவரு பேரு! இவங்க பேரெல்லாம் கூடவா அம்மாம் பெரிய சபையில...

மஞ்சு: ண்ணா, தண்ணி குடி. இந்தா... மாத்திர போட்டியா? நர்சம்மா கேட்டாங்க...

கமலக்கண்ணன்: பேசாதே.

மஞ்சு: இல்லண்ணா, நைனா வேற போன் பண்ணாரு...

கமலக்கண்ணன்: பேசாதேன்னா! ... "நகரி, பிரமிளா"ன்னாரு.

மஞ்சு: அது... வேற யாரோ. நகரியில எத்தினி பிரமிளா கீறாங்க!

கமலக்கண்ணன்: ...சரி. இப்ப இன்னா பண்றாங்க?

மஞ்சு: எல்லாரும் எழுந்து நிக்கிறாங்கண்ணா. சி.எம்மு, எதிர்க்கட்சி, வாசல்ல நிக்கிற காவல்காரங்க வரைக்கும்... தலைய குனிஞ்சிக்கினு. யப்பா, ஒரு இருமல் இல்ல! எனக்கு மயிரு கூச்செடுக்குது. இங்க வார்டுலயும் நிக்கிறாங்க. பெரியவரு டிரிப்ஸு கம்பிய புடிச்சிக்கினு...

கமலக்கண்ணன்: கைய குடு. என்ன தூக்கி வுடு.

மஞ்சு: அய்யோ, கால்ல தையலுண்ணா! பிரிஞ்சிடும்!

கமலக்கண்ணன்: பஸ்ஸுல ஒருத்தன் எழுந்து அவளுக்கு சீட்டு குடுத்ததில்ல, மஞ்சு. இன்னிக்கி சபையே எழுந்து நிக்குது. நான் மட்டும் படுத்துக்கினு கெடக்கறதா?

மஞ்சு: ண்ணா... உனக்கு... எப்ப தெரியும்?

கமலக்கண்ணன்: சந்தையிலயே. என் கையத்தான் புடிச்சிக்கினு இருந்தா. அந்தப் புடி வுட்டது எனக்குத் தெரியாதா? நீ தெனம் வந்து "அண்ணி சொல்லிச்சி"ன்னு சொல்லுவே பாரு... அதுக்காவத்தான் கேக்காம கெடந்தேன். கேட்டா நீ நிறுத்திடுவியே.