கிழக்கே விரித்த கை

ஜவுபர்: ...எழும்பின. கைகால் கழுவி வுழூ எடுத்த. பள்ளிக்குப் போய் சுபஹ் தொழுத. திரும்பி வந்து கேத்தல்ல தண்ணி வெச்ச.

சாலிஹ்: ம்.

ஜவுபர்: அவ கோழிக்கூட்டத் தொறந்து விட்டா. பின்வளவக் கூட்டினா. நான் சேவ் எடுத்த.

சாலிஹ்: ஜவுபர்...

ஜவுபர்: பாண்காரன் வந்தான். ஒரு றாத்தல் வாங்கின. சூடாத்தான் இரிந்திச்சு.

சாலிஹ்: மச்சான், நான் கேட்டது படத்தப் பத்தி. நீ கோழி, பாண் எண்டு கதைக்கிறாய்.

ஜவுபர்: அண்டைக்குக் காலையில நடந்தத ஒண்டும் விடாமச் சொல்லு எண்டு நீதானே சொன்ன.

சாலிஹ்: சொன்னதுதான். அதுக்காகப் பாண்காரனையும் கூட்டிக்கொண்டு நான் படப் போட்டிக் கமிட்டிக்குப் போகேலாதே.

ஜவுபர்: கமிட்டி என்ன கேக்குது?

சாலிஹ்: ஒரே ஒரு கேள்வி. படத்தில உன்ட பொஞ்சாதி என்ன செய்றா?

ஜவுபர்: இரிக்கிறா.

சாலிஹ்: கடலப் பாத்து, ரெண்டு கையையும் முன்னால விரிச்சுக்கொண்டு... சும்மா இரிக்கிறா?

ஜவுபர்: ஓம்.

சாலிஹ்: இந்த ஓமைக் கொண்டு போனா முதல் பரிசு போயிரும்.

ஜவுபர்: போகட்டும்.

சாலிஹ்: பரிசு போகட்டும் மச்சான். அது பெரிசில்ல. நாளைக்கு டவுன் ஹோல்ல படம் தொங்கப் போகுது. கீழ தலைப்பு, ‘தொழுகை’. கல்முனையான், மருதமுனையான், நம்மட சாய்ந்தமருதான் எல்லாரும் வந்து பாப்பானுகள். நாம எந்தப் பக்கம் பாத்துத் தொழுற?

ஜவுபர்: மேக்க.

சாலிஹ்: நம்மட கடல் எந்தப் பக்கம்?

ஜவுபர்: கிழக்க.

சாலிஹ்: சூரியனும் அந்தப் பக்கம்தான். இப்ப விளங்குதா? ஸுல்பிகா சூரியனுக்குக் கையேந்தினா எண்டு சந்தைக்குள்ள கதை வந்திட்டு. அதுவும்... அவ கண்ண மூடி மௌத்தான அண்டைக்குக் காலையில.

ஜவுபர்: ஆரு கதைக்கிற?

சாலிஹ்: வேற ஆரு? அப்துல் ஸமட். சவூதியில இருந்து கமரா கொண்டு வந்தானே, அவன்தான். கமிட்டிக்குப் பெட்டிசம் போட்டதும் அவன்தான்.

ஜவுபர்: அவன் என்ன படம் குடுத்த?

சாலிஹ்: ஒலுவில் கரையில நிக்கிற தோணி. பின்னால சூரியன் பாதி கடலுக்குள்ள. தலைப்பு ‘அந்தி மாலை’.

ஜவுபர்: ஒலுவில்ல பொழுது கடலுக்குள்ளயா படுற?

சாலிஹ்: நானும் அதத்தான் கேட்ட. கொழும்பு நடுவர்மாருக்கு என்ன தெரியும் எண்டு சிரிக்கிறான். போட்டிக்கு வந்த படத்தில பாதி அந்தத் தோணிதான் மச்சான். ஒருத்தன் இடப்பக்கம் நிண்டு எடுத்திரிக்கான், மத்தவன் வலப்பக்கம். பரிச அந்தத் தோணிக்காரனுக்கே குடுத்திரிக்கலாம்.

ஜவுபர்: ம்.

சாலிஹ்: சிரிக்கவும் மாட்டாய்.

ஜவுபர்: கொழும்பு நடுவர் ஒருத்தருக்கும் திசை தெரியல்லயா?

சாலிஹ்: அவங்க கொழும்பில, காலிமுகத்தில கண்டிரிக்காங்க. அங்க கடல் மேக்க. பொழுதுபட்டு மஹ்ரிபுக்கு ஆக்கள் கடலப் பாத்துத்தான் தொழுவாங்க. அதால அவங்கட கண்ணுக்கு ஒண்டும் பிழையாப் படல்ல. ‘அந்தி வெளிச்சம் அருமை’ எண்டு எழுதியிரிக்காங்க.

ஜவுபர்: காலை வெளிச்சம்.

சாலிஹ்: எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவங்களுக்கு? ஆரும் பாக்காத பார்வையாம். சொந்தக் கற்பனையாம். அந்தக் கைதான் அவங்களப் பிடிச்சிரிக்கு. வெயிலுக்கு நேர நீட்டின உள்ளங்கை கறுப்பாக் கிடக்கு. ‘ஒளியை ஏந்திய கையில் இருள்’ எண்டு பெரிய நடுவர் எழுதியிரிக்கார்.

ஜவுபர்: நல்லா எழுதியிரிக்கார்.

சாலிஹ்: ஸமட் அதையும் விடல்ல. வெயில் படுற கை எப்பிடிக் கறுக்கும், சாலிஹ்ட ஸ்டூடியோவில மை பூசியிரிக்காங்க எண்டு பெட்டிசத்தில ரெண்டாவதா அது. ரோல் கழுவினது நான், பிரிண்ட் போட்டது நான். மை பூசல்ல. நெகட்டிவ்லயே அப்பிடித்தான் விழுந்திரிக்கு. ஆனா ஏன் எண்டு கேட்டா எனக்கும் மறுமொழி இல்ல... உனக்கு இரிக்கா?

ஜவுபர்: தேத்தண்ணி குடிக்கிறயா?

சாலிஹ்: கதைய மாத்தாத.

ஜவுபர்: மாத்தல்ல. மாமி ஊத்திக்கொண்டு வாறா.

சபியா உம்மா: இந்தாங்க தம்பி. சீனி காணாட்டிச் சொல்லுங்க.

சாலிஹ்: காணும் சாச்சி.

சபியா உம்மா: மகன், நீங்களும் குடிங்க. காலையில இருந்து ஒண்டும் குடிக்கல்ல.

ஜவுபர்: வைங்க மாமி.

சபியா உம்மா: அந்தப் படத்துக் கதைதானா?

சாலிஹ்: ஓம் சாச்சி.

சபியா உம்மா: நேத்து பக்கத்து வீட்டு றபீக்கா கேட்டாள். உன்ட மகள் கடைசியா ஆரத் தொழுத எண்டு. பேச்சுக்குக் கேக்கிற மாதிரித்தான் கேட்டாள். நான் வாயத் தொறக்கல்ல.

ஜவுபர்: அவ சுபஹ் தொழுத. அறைக்குள்ள. மேக்கப் பாத்து. படம் அதுக்குப் பொறகு.

சபியா உம்மா: எனக்குத் தெரியும் மகன். என்ட பக்கத்திலதான் தொழுதாள். ஊருக்கு ஆரு சொல்ற? சரி. நான் அடுப்படிக்குப் போறன்.

சாலிஹ்: ...கேட்டயா? பெத்தவட நிலைமை அது.

ஜவுபர்: கேட்ட.

சாலிஹ்: மத்தியானம், லுஹருக்கு முந்தி நான் கமிட்டிக்கு மறுமொழி குடுக்கணும். ஒண்டு சொல்லட்டா?

ஜவுபர்: சொல்லு.

சாலிஹ்: நீதான் அவவ அப்பிடி இருத்தி, கைய விரிக்கச் சொல்லி, ஜோடிச்சு எடுத்த எண்டு எழுதிருவம். ஜோடிச்ச படம் போட்டிக்கு ஆகாது. பரிசு ஸமட்ட தோணிக்குப் போகும். ஆனா ஊர் உன்னத்தான் பேசும். அவ தப்பிருவா.

ஜவுபர்: எழுது.

சாலிஹ்: உண்மையா?

ஜவுபர்: எழுது எண்டுதானே சொல்ற.

சாலிஹ்: நான் கேக்கிறது, ஜோடிச்சது உண்மையா?

ஜவுபர்: இல்ல.

சாலிஹ்: எனக்குத் தெரியும். நீ ஒருத்தரையும் இருத்தி எடுக்கிற ஆளில்ல. என்ட கலியாணத்தில நீ எடுத்த படமெல்லாம் சோத்தக் கையில வெச்சுக்கொண்டு வாயப் பிளந்தபடிதான். மாமனார் இண்டைக்கும் கேக்கிறார், அந்தப் படம் எடுத்த பொடியன் எங்க எண்டு.

ஜவுபர்: தலைப்பு நான் போடல்ல.

சாலிஹ்: என்ன?

ஜவுபர்: ‘தொழுகை’ எண்டு. நான் போடல்ல.

சாலிஹ்: அது... கொழும்பில பாத்து—

ஜவுபர்: சாலிஹ்.

சாலிஹ்: ...நான்தான் போட்ட. போட்டிக்குக் குடுக்கக்குள்ள படத்துக்குப் பின்னால வெறுமையாக் கிடந்திச்சு. தலைப்பு இல்லாட்டி எடுக்க மாட்டாங்க. உன்னட்டக் கேக்க ரெண்டு தரம் வந்த. நீ கதவத் தொறக்கல்ல.

ஜவுபர்: நீயும் இஞ்சத்த ஆள்தானே. கிழக்கு மேக்குத் தெரியாதா?

சாலிஹ்: கையைத்தான் பாத்த மச்சான். கடலப் பாக்கல்ல. ஏசு. ஏசினாலும் பரவாயில்ல.

ஜவுபர்: ஏசி என்ன? எழுது. ஜவுபர் ஜோடிச்சு எடுத்த எண்டு.

சாலிஹ்: கைய ஏன் விரிக்கச் சொன்ன எண்டு கேப்பாங்க.

ஜவுபர்: பரிசுக்கு எண்டு எழுது.

சாலிஹ்: கறுப்பு?

ஜவுபர்: மை எண்டு எழுது.

சாலிஹ்: அப்ப என்ட ஸ்டூடியோ?

ஜவுபர்: நான் பூசின எண்டு எழுது. வீட்டில வெச்சு.

சாலிஹ்: இவ்வளவு பொய்க்கு உண்மையச் சொல்லிட்டுப் போகலாமே... சரி. பேனை இரிக்கா?

சபியா உம்மா: எழுத வேணாம் தம்பி.

ஜவுபர்: மாமி, நீங்க உள்ளுக்குப் போங்க.

சபியா உம்மா: போகல்ல மகன். கதவடியிலதான் நிண்ட. எல்லாம் கேட்ட.

சாலிஹ்: சாச்சி, இது மகள்ட பேரக் காப்பாத்தத்தான்—

சபியா உம்மா: அவள்ட கை ஏன் கறுப்பு எண்டு எனக்குத் தெரியும்.

ஜவுபர்: மாமி... விடுங்க.

சபியா உம்மா: மகள்ட மையத்தக் கடைசியாக் குளிப்பாட்டினது நான். மத்தப் பொண்டுகள் தண்ணி ஊத்தினாங்க, கை ரெண்டையும் தேச்சது நான். தேங்காயெண்ணெய் பூசியிரிந்தாள். எண்ணெய் போச்சு. அது போகல்ல.

சாலிஹ்: எது சாச்சி?

சபியா உம்மா: மருதோண்டி.

சாலிஹ்: ...மருதோண்டி. அட. கறுப்பு வெள்ளை ரோல்ல சிவப்பு கறுப்பாத்தானே விழும். நான் ஒரு ஸ்டூடியோக்காரன்... எனக்கு ஏன் இது ஓடல்ல?

சபியா உம்மா: காய்ஞ்சதச் சுரண்டிட்டு, எண்ணெய் பூசி, இளவெயில்ல காட்டினா நிறம் ஏறும். அதுக்குத்தான் இரிந்தாளா மகன்?

ஜவுபர்: ஓம்.

சபியா உம்மா: பின்வளவில, கடல் பக்க வேலி சரிஞ்ச இடத்திலயா?

ஜவுபர்: ஓம். அங்கதான் முதல் வெயில் விழும்.

சாலிஹ்: அப்ப தொழவும் இல்ல, ஜோடிக்கவும் இல்ல, மையும் இல்ல. மூண்டுக்கும் ஒரு மறுமொழி. இத வாயில வெச்சுக்கொண்டா இவ்வளவு நேரம் கோழியும் பாணும் கதைச்ச? மச்சான், உனக்கு—

சபியா உம்மா: அவர ஏசாதீங்க தம்பி. அவர் எனக்காகத்தான் மறைச்ச.

ஜவுபர்: அப்பிடி ஒண்டும் இல்ல மாமி.

சபியா உம்மா: அவள் நெஞ்சு வருத்தக்காரி. குளிர் படக்கூடாது எண்டு நான் எத்தினை தரம் அவளுக்குச் சொல்லியிரிப்பன். மருதோண்டி குளிர். ஆசையாக் கேட்டாள்... முதல் நாள் பின்னேரம் அரைச்சுக் குடுத்தது நான். சுபஹுக்குச் சுரண்டும் வரைக்கும் ரெண்டு கையிலயும் கிடந்திச்சு. நீங்க காணல்ல எண்டு நினைச்சுக்கொண்டிரிந்த மகன்.

ஜவுபர்: கண்ட.

சபியா உம்மா: கண்டும் ஒரு சொல் கேக்கல்ல. ஆரு அரைச்ச எண்டு.

ஜவுபர்: கேக்க என்ன இரிக்கு? மருதோண்டி போட்டு ஒருத்தரும் மௌத்தாகிறல்ல. வால்வு. டொக்டர் சொன்ன. எனக்கு விளங்கிச்சு.

சபியா உம்மா: நீங்க படிச்சவர், உங்களுக்கு விளங்கும். ஊருக்கு? மருதோண்டி எண்டு வெளிய வந்தா, அடுத்த கேள்வி ஆரு அரைச்ச எண்டு. அதுக்குத்தானே வாயக் கட்டிக்கொண்டிரிந்த?

ஜவுபர்: தேத்தண்ணி ஆறிப் போச்சு.

சபியா உம்மா: எழுதுங்க தம்பி. என்ட மகள் மருதோண்டிக் கைய வெயில்ல காட்டிக்கொண்டிரிந்தாள் எண்டு எழுதுங்க. அரைச்சது உம்மா எண்டும் எழுதுங்க.

சாலிஹ்: அது தேவையில்ல சாச்சி. மருதோண்டி எண்டா போதும்.

சபியா உம்மா: எழுதுங்க. கேக்கிறவங்க என்னட்ட வந்து கேக்கட்டும். நான் மறுமொழி சொல்றன். அவள் கிழக்கத் தொழுதாள் எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லக் கூடாது.

சாலிஹ்: எழுதுறன்... மச்சான், எழுதட்டா?

ஜவுபர்: மாமி சொன்னாப் போல எழுது.

சாலிஹ்: பரிசு நிக்குமா தெரியா. ‘கையில் இருள்’ எண்டு எழுதின மனுசன் மருதோண்டி எண்டு கேட்டா முகம் சுருங்கும். அவர்ட கற்பனை அது.

ஜவுபர்: அவர்ட கற்பனைக்கு அவர்தான் பரிசு எடுக்கணும்.

சாலிஹ்: அட, கொஞ்சம் கதை வருது. தலைப்பையும் மாத்துவம். என்ன போட?

ஜவுபர்: ஒண்டும் வேணாம்.

சாலிஹ்: தலைப்பு இல்லாட்டிப் பொறகும் நான்தான் போடுவன். யோசிச்சுக்கொள். அந்த நேரம் அவ ஏதும் கதைச்சாவா? அதுல இருந்து ஒரு சொல் எடுக்கலாம்.

ஜவுபர்: படம் எடுக்கும் வரைக்கும் கதைக்கல்ல. நான் நிண்டதும் அவவுக்குத் தெரியா. கமரா சத்தத்துக்குத் திரும்பினா.

சாலிஹ்: பொறகு?

ஜவுபர்: ஒரு சொல் சொன்னா. எழும்பி அடுப்படிக்குப் போனா. கேத்தல் கொதிச்சுக்கொண்டே இரிந்திச்சு. இறக்க ஆளில்ல எண்டு நான் போய்ப் பாத்த. சுவர்ல சாஞ்சு இரிந்தா. அதுக்குப் பொறகு கதை இல்ல. ஆஸ்பத்திரியிலயும் இல்ல.

சபியா உம்மா: நான் கிணத்தடியில நிண்ட நேரம். ஓடி வந்து பாக்கக்குள்ள வாய் மூடிட்டு... மகன்.

ஜவுபர்: சொல்லுங்க மாமி.

சபியா உம்மா: அந்த ஒரு சொல் என்ன எண்டு உங்களட்ட நான் ஒருநாளும் கேக்கல்ல.

ஜவுபர்: ஓம்.

சபியா உம்மா: கேக்கப் பயம். ஒரே வீட்டில இரிந்துகொண்டு, சோறு தாறன், தண்ணி தாறன்... இத மட்டும் கேக்க வாய் வரல்ல. இண்டைக்குச் சொல்லுங்க. எனக்காக மாத்திச் சொல்ல வேணாம். குளிருது எண்டு சொன்னாளா?

ஜவுபர்: இல்ல மாமி. எண்ணெய்க் கை ரெண்டையும் என்ட முகத்துக்கு நேர நீட்டினா. “இஞ்ச பாருங்க... உம்மா அரைச்சாத்தான் இப்பிடிச் சிவக்கும்” எண்டா.