கடித்துப் பார்க்காத சரக்கு

இந்தக் காலத்தில் யாரும் எதையும் கடித்துப் பார்த்து வாங்குவதில்லை. உறை பளபளவென்று இருந்தால் போதும், வாயைத் திறந்துவிடுகிறார்கள். நான் காந்தி மார்க்கெட்டில் மாம்பழ வியாபாரம் பார்த்தவன். ஒரு பழத்தையாவது கீறி வாயில் போடாமல் சரக்கு இறக்கியதில்லை.

என் பெண்சாதி ராசாத்திக்குக் கழுத்தில் கட்டி. மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். முதலில் ஏற்றிய கீமோ கேட்கவில்லை. அதனால் டாக்டர் கலைமதி புது மாத்திரை எழுதினார். தினமும் விடாமல் போட வேண்டுமாம்.

"மெதுவாத்தானே வளருது, என்னங்க அவசரம்?" என்றேன்.

"மெதுவா வந்தாலும் வந்து சேந்துடும் ஐயா."

ஸ்ரீரங்கத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாத்திரை கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. தெரியாத சரக்கை அவள் வாயில் எப்படிப் போடுவது? நானே விழுங்கிப் பார்த்தேன். அவளுக்கு அதே நிறத்தில் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நம்பிப் போட்டுக்கொண்டாள்.

ஒரு பழத்தை வைத்துக் கூடையைச் சொல்லலாம். ஒரு மாத்திரையை வைத்து டப்பாவைச் சொல்ல முடியாது. ஆகவே தொடர்ந்து விழுங்கினேன். வயிற்றால் போயிற்று. இடித்துக்கொண்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றியது. இதெல்லாம் அவளுக்கு வந்திருந்தால் தாங்குவாளா? அவள் கழுத்தில் நெல்லிக்காயாக இருந்தது எலுமிச்சம்பழம் ஆயிற்று. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோனார். "இந்த மாத்திரையும் கேக்கலைம்மா. வேற மருந்துதான் பாக்கணும்."

டாக்டர் நல்ல பெண். வருத்தப்படுகிறாளே என்று உண்மையைச் சொன்னேன்.

"அவ சாப்பிட்டாத்தானே கேக்கும்."

"அப்ப யாரு சாப்பிட்டா?"

"நான்தாங்க."

ராசாத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணத்தன்னைக்கு எனக்கு வச்ச பாயசத்தையும் இந்த மனுஷன்தான் ருசி பாத்தாரு டாக்டரம்மா. அன்னைக்காவது பாதி மிச்சம் வச்சாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. அதே மாத்திரையைத் திரும்ப எழுதி, டப்பாவை வரவழைத்து, அவள் கையிலேயே கொடுத்தார். ராசாத்தி ஒன்றை எடுத்து, என்னைப் பார்த்தபடியே விழுங்கினாள். மிச்சத்தைச் சுருக்குப்பையில் போட்டு இறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அக்கறைப்பட்டவனுக்கு இவ்வளவுதான் மரியாதை. எழுந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டவன் சொல்கிறேன், அந்த மாத்திரையால் எனக்கு ஒரு குணமும் தெரியவில்லை.