எம்.பி. வாற நேரம்

ஓம் பிள்ளை, வருவார், வருவார். நீங்கள் உள்ளுக்கு வந்து கதிரையில இருங்கோ. வெளி வாங்கில ஏன் குந்திக்கொண்டு? அது முந்திச் சனம் நிறையேக்க போட்டது, இப்ப கோழிதான் ஏறி நிக்குது. எம்.பி. வீடெண்டு கூச்சப்படாதேங்கோ, நான் அவற்ற மனிசிதான்.

கண்டாவளையில இருந்து நடந்தோ வந்தனீங்கள்? பரந்தன் வரைக்கும் வண்டிலிலயோ? அப்பவும் தூரந்தானே. முதல் இந்தப் பிளேன்ரீயைக் குடியுங்கோ.

உங்கட அலுவல் எனக்கு விளங்கினது. மனுசன் பாம்பு கடிச்சுச் செத்துப்போனார். அரசாங்கம் தந்த காணிப் பேமிட்டில உங்கட பேரை அவர் எழுதி வைக்கேல்லை. இப்ப அவற்ற தமையன்காரன் ஏரம்பு, காணி தனக்கெண்டு நிக்கிறான். நாளைக்குக் காணிக் கந்தோரில விசாரணை. எம்.பி.யின்ர காயிதம் ஒண்டு கையில இருந்தால் துரை உங்கட பக்கத்தையும் கேப்பார். அவ்வளவுதானே? ஐயோ, சின்ன விசயமெண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை. வயலும் போனால் ரெண்டு குஞ்சுகளையும் கொண்டு எங்க போறது?

பதினொரு மணி றெயிலில வரக்கூடும். அதைத் தவறவிட்டால் பின்னேரம் ஆரோ ஒராளின்ர காரில வருவார். இருங்கோவன், எனக்கும் கதைக்க ஆள்.

இவர் முந்தி ஓவசியர், தெரியுமோ? நீர்ப்பாசனக் கந்தோரில. யாழ்ப்பாணத்தில இருந்து எங்கட சனத்தைக் கொண்டுவந்து, காட்டை வெட்டுங்கோ, வயலாக்குங்கோ எண்டு விட்ட காலம். வாய்க்கால் தண்ணி முதல் காணியளோட நிண்டிடும். கடைசிக் காணிக்காரர் வானத்தைப் பாத்துக்கொண்டு இருப்பினம். இந்த மனுசன் கந்தோருக்குள்ள நிண்டுகொண்டே பெரிய துரையோட சண்டைக்குப் போனார். பிறகென்ன, வேலை போச்சு. வேலை போன அண்டைக்குச் சிரிச்சுக்கொண்டெல்லோ வீட்ட வந்தவர்! நான் அழுதுகொண்டு உலை வச்சனான். அடுத்த கிழமை சனம் திரண்டு வந்து, ஐயா எலெக்சன் கேளுங்கோ எண்டு நிண்டுது. அதுதான் ஐம்பத்தாறாம் ஆண்டு.

காசோ? எங்களிட்ட எங்கால காசு? அறுத்துச் சூடு மிதிச்ச கையோட வீட்டுக்கு ஒரு புசல் நெல்லுத் தந்திச்சினம். அதை வித்துத்தான் எலெக்சனுக்குக் கட்டுக்காசு கட்டினது. முல்லைத்தீவில யாக்கோப்புச் சம்மாட்டி எண்டு ஒருத்தர், வள்ளம் வலை வச்சிருந்த வேதக்கார மனுசன், எலெக்சன் வேலை செய்த பெடியள் சோத்தோட தின்னட்டுமெண்டு கருவாட்டுச் சிப்பம் அனுப்பினவர். என்ர கழுத்து அட்டியலும் போனதுதான். அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டினதில்லை. இண்டைக்குத்தான் வாயில வந்திட்டுது.

மேடை கீடை ஒண்டுமில்லை. மாட்டு வண்டிலில ஏறி நிண்டு கதைப்பார். கடைசிக் காணி வரைக்கும் தண்ணி வரவேணும் எண்டுவார். காடு திறந்தால் காணியில்லாத உள்ளூர்ச் சனத்துக்குத்தான் முதல் துண்டு எண்டுவார். பிறகு, பேமிட்டில புருசன்ர பேரோட பொஞ்சாதியின்ர பேரும் கிடக்கவேணும் எண்டு ஒருநாள் சொன்னார் பாருங்கோ, ஆம்பிளையள் எல்லாம் சிரிச்சவங்கள். பொம்பிளையள் ஒருத்தரும் சிரிக்கேல்லை. அது நான் குசினிக்குள்ள நிண்டு சொல்லிக் குடுத்தது. உங்களுக்கு இண்டைக்கு வந்த கரைச்சல் அண்டைக்கே எனக்குத் தெரியும் பிள்ளை.

வெண்டு போனாப்போல அதைப் பாளிமேந்திலயும் கதைச்சவர். அங்க கதைக்கிறதை அச்சடிச்சுப் புத்தகமா அனுப்புவினம். நான் இவற்ற பேர் வாற பக்கத்தைத் தேடித்தேடி வாசிப்பன். வீட்டில, உப்புக் காணாது எண்டுகூட வாய் திறவாத மனுசன், அங்க பத்துப் பக்கம் கதைச்சிருப்பார். நல்லாத்தான் கதைப்பார். எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. ஆனா அந்தப் புத்தகத்தில மட்டுந்தான் எனக்கு அவற்ற குரல் கிடைச்சுது.

ரெண்டாந்தரம் எலெக்சன் கேக்கேக்க நெல்லு வாங்கேல்லை. சனத்தைக் கரைச்சல்படுத்தக் கூடாதாம். மரக் கொந்தராத்துக்காரர் ஒருத்தர் கார் விட்டார், ஒலிபெருக்கி விட்டார், நோட்டீசு அடிச்சுக் குடுத்தார். உந்த லொறியளில பாலை மரமும் முதிரை மரமும் போகுதே, அவற்றதான். நான் கேட்டனான், இவர் ஏன் இவ்வளவு செய்யிறார் எண்டு. அன்பில செய்யிறார் எண்டார் இவர். அந்த அன்பு என்னெண்டு பிறகு பாளிமேந்துப் புத்தகத்தில தெரிஞ்சுது. காட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. காணியைப் பற்றி அரைப் பக்கம். அதுக்குப் பிறகு அரசாங்கப் பக்கம் போய் இருந்திட்டார்.

சனம் கல்லெறியேல்லை. வராமல் விட்டுதுகள், அவ்வளவுதான். கல்லெறிஞ்சிருந்தாலும் படலையடியில நாலுபேர் வந்து நிண்டிருப்பினம். நான் கடைக்குப் போனால் மரியாதையா வழிவிடுகினம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை. இந்த வீட்டுக்குள்ள ஆள் வந்து மூண்டு கிழமை, நீங்கள்தான் பிள்ளை.

என்ன? ஓம், றெயில் போயிட்டுது. எனக்கும் கேட்டது. எழும்பாதேங்கோ, ஒரு வாய் சோறு தின்னுங்கோ. முருங்கைக்காய்க் கறிதான். நேற்றைக்கும் ரெண்டு பேருக்குச் சமைச்சுப்போட்டு மிச்சத்தை நாய்க்கு வச்சனான்.

இல்லைப் பிள்ளை, பின்னேரக் காரிலயும் வரமாட்டார்.

கோவிக்காதேங்கோ. அவர் போன வருசம் ஆனியில கொழும்புக்குப் போனவர், திரும்பி வரேல்லை. அங்க வேற பொம்பிளையோ எண்டு கேக்கிறியளோ? எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். அப்பிடியெண்டால் ஒருநாள் போய் மயிரைப் பிடிச்சு இழுத்துப்போட்டு வரலாமே. அது இல்லை, அவருக்கு வெக்கம். கடைசிக் காணிக்காரற்ற முகத்தைப் பாக்கேலாது. என்ர முகத்தையும் பாக்கேலாது.

போகேக்க, தன்ர பேர் அச்சடிச்ச தாள் ஒரு கட்டு, அடியில ஒப்பம் மட்டும் வச்சுத் தந்தவர். சனம் வந்தால் நீயே எழுதிக் குடு எண்டார். உங்கட பக்கம் ஆஸ்பத்திரி வான் வருகுதே, அது நான் எழுதினது. பள்ளிக்கூடத்துக்குக் கிணறு, அதுவும் நான்தான். வண்டிலில நிண்டு கதைச்ச அந்த மனுசன் எழுதுற மாதிரி எழுதுவன். கந்தோரில ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியேல்லை. தாள் முடியப்போகுது எண்டு கொழும்புக்கு ரெண்டு தரம் எழுதினன். பதில் இல்லை.

இப்ப ஒரு தாள்தான் கிடக்குது. இந்தா, இதுதான். பாருங்கோ, ஒப்பம் எவ்வளவு வடிவா வச்சிருக்கிறார்.

காலமை துவக்கம் உங்களை இருத்தி வச்சு அலட்டினது இதாலதான். குடுக்கிறதோ விடுறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை. இதை நான் எனக்கெண்டு ஒளிச்சு வச்சனான் பிள்ளை. அவர் எனக்கு எழுதின மாதிரி ஒரு காயிதம் இதில எழுதுவமெண்டு. சிரிக்காதேங்கோ. வேற கடுதாசியில எழுதிப் பாத்தும் இருக்கிறன். அன்புள்ள பத்மாசனிக்கு எண்டு என்ர பேரைப் போட்டுத் துவங்குவன். அதோட நிண்டிடும். ஊரிலுள்ள எல்லாத் துரைமாருக்கும் அவரா நிண்டு எழுதின எனக்கு, அவர் எனக்கு என்ன எழுதுவார் எண்டு தெரியேல்லை.

ச்சா, நீங்கள் ஏன் அழுறியள்? கையைக் கழுவிப்போட்டு வந்து பக்கத்தில இருங்கோ. நாளைக்குத் துரை கேட்டால், எம்.பி. வீட்டிலதான் நிண்டவர், தன்ர கையாலதான் தந்தவர் எண்டு சொல்லுங்கோ.

சரி, உங்கட மனுசன்ர முழுப்பேரைச் சொல்லுங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ, இதில பிழைவிட்டால் வேற தாள் இல்லை.