கடலோடி மை

நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான் ஐயா. திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனபோது. காலில் அலை பட்டதும் பயந்து திரும்பிவிட்டேன். அப்படிப்பட்டவன் கடல் பெயரில் பேனா மை செய்கிறானே என்று சிங்காநல்லூரில் கேலி பேசுவார்கள். எனக்குக் கோபம் வராது. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

புது நாடு தேடிக் கப்பலில் போன அந்தக் காலத்து மாலுமிகள், இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த மையில்தான் எழுதினார்களாம். கடல் தண்ணீர் பட்டாலும் அழியாது. அதே மாதிரி ஒன்றை, கடுக்காயை இடித்து ஊறவைத்து, அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கலந்து நானும் செய்தேன். எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் படப்படத்தான் கறுக்கும். 'கடலோடி' என்று பெயர் வைத்தேன். எனக்கும் புவனாவுக்கும் பிள்ளை இல்லை. இதற்காவது பெயர் வைக்க முடிந்ததே என்று இருந்தது.

புட்டியில் அடைத்து விற்பது புவனாவின் தம்பி அருள்குமார் பொறுப்பு. கலகலப்பான பையன்.

போன வாரம் கோட்டைமேட்டு ரைஹான் வந்தார். கப்பலில் வேலை பார்ப்பவர். எங்கள் மையில் எழுதிய பக்கமெல்லாம் கடல் தண்ணீர் பட்டு நீலச் சேறாகிவிட்டது என்று சங்கடத்தோடு சொன்னார். விற்பனைக்கு வைத்திருந்த புட்டி ஒன்றைத் திறந்து, எழுதிக் காயவிட்டு, குழாயடியில் காட்டினேன். காகிதம் வெள்ளையாகிவிட்டது. உள்ளே இருந்தது வெறும் சாயத் தண்ணீர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் அருள்குமாரிடம் கேட்டேன். புவனா ஒரு சீருக்காகக் கோபிசெட்டிபாளையம் போயிருந்தாள். அவன் மறைக்கவில்லை. கடுக்காய் ஊறும்வரை காத்திருந்தால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்றான்.

"வாங்கறவங்கெல்லாம் கப்பலா ஓட்டப் போறாங்கொ மாமா? நீலமா இருந்தாப் போதுமுங்க. உடுங்க."

நியாயமான பேச்சுதான். கடுக்காய் இடிக்கும் இரும்பு உலக்கை கையில் இருந்தது. காதுக்கு மேலே அடித்தேன். மண்டை உடையும் சத்தம் கடுக்காய் உடைவதைவிடச் சின்னதுதான். விழும்போது அன்று நான் கலந்து வைத்திருந்த மை வாளியைச் சாய்த்துவிட்டான். ஒரு கண் ரத்தத்தில் மூடிவிட்டது. இன்னொரு கண்ணால் என்னைத் தேடினான்.

"மாமா, தண்ணி குடுங்க."

கொடுத்தேன். தாகமென்று கேட்பவனுக்கு இல்லை என்று சொல்ல நான் மிருகம் இல்லை. தலையைத் தாங்கிப் பிடித்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு தலையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, முகம் என்று ஒன்று இல்லாமல் போகும்வரை இடித்தேன். கடுக்காயை இடிப்பது போலவே, அவசரப்படாமல்.

அவனைக் கடுக்காய் மூட்டைகளுக்கு அடியில் கிடத்தினேன். ரத்தம் போகத் தரையைக் கழுவினேன். வாசலில் நின்று உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு இல்லை. நிம்மதியாக வீட்டுக்குள் வந்து, சாமி கும்பிட்டுவிட்டுப் படுத்தேன். கதவோரம் வெளிறித் தேங்கிக் கிடந்த மையை மிதித்திருக்கிறேன் என்பது, அந்த மையைச் செய்த எனக்கே தோன்றவில்லை.

காலையில் புவனா வந்தபோது வெள்ளை டைல்ஸ் நெடுகக் கறுப்புக் கால்தடங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

"ஏனுங்க, என்னத்த மிதிச்சுப்போட்டு வந்தீங்க? போகவே மாட்டீங்குது."

பிறகு, தடம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே பின்பக்கம் போனாள். ஷெட்டிலிருந்து அவள் அலறியது கேட்டது.

நான் எழுந்திருக்கவில்லை. சாமி படத்துக்குக் கீழே இருந்த தடத்தைத்தான் அவள் அதிகம் தேய்த்திருந்தாள். ஐந்து விரலும் அப்படியே இருந்தன, நல்ல கறுப்பு. எனக்கு மனசு நிறைந்துவிட்டது ஐயா. அருள்குமார் இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.